ஊர் அழிவதைக் காட்டாமல் காட்டுவது: குறைந்த செலவு டிவி பேரிடர் திரில்லர் எப்படி வேலை செய்கிறது

கதைப்படி ஒரு நகரமே சாகப்போகிறது. படக்குழுவிடம் இருப்பதோ 15 முதல் 20 நாள் ஷூட்டிங், ஒன்றிரண்டு கேமரா, நாற்பது ஜூனியர் ஆர்டிஸ்ட்கள், வாடகைக்குப் பிடித்த ஓர் அலுவலகக் கட்டடம். டிவிக்கென்று எடுக்கப்படும் பேரிடர் திரில்லர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் உருவாகின்றன. அமெரிக்க சேனல்களில் இரண்டு மணி நேர இடத்துக்கு எடுத்தால், விளம்பரம் போகப் படம் 85 நிமிடத்தை ஒட்டி நிற்கும். ஒரு பக்கத் திரைக்கதை ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. 90 பக்கத்தை 18 நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 5 பக்கம். பெரிய தியேட்டர் படங்கள் ஒரு நாளில் இரண்டு பக்கம் எடுத்தாலே நல்ல வேகம்.

இந்த வகையை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. பணம் இல்லாத இடத்தில் திரைக்கதையும் ஒலியும் நடிப்பும்தான் முழு பாரத்தையும் சுமக்க வேண்டும். அவை சுமந்துவிட்டால், பெரிய பட்ஜெட் படங்கள் தராத பயத்தை இவை தந்துவிடும்.

முதல் முடிவு: எந்த ஆபத்து?

படத்தின் செலவில் பாதி இந்த ஒரு முடிவிலேயே தீர்மானமாகிவிடும். தண்ணீர், நெருப்பு, பெருங்கூட்டம் மூன்றும் பணத்தை விழுங்கும். தண்ணீர்தான் அதில் மோசம். கம்ப்யூட்டரில் வெள்ளத்தை உருவாக்கினால் அலை, நுரை, தெறிப்பு, மிதக்கும் குப்பை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். அவசரத்தில் செய்தால் தண்ணீர் ஜெல்லி போல ஆடும். சின்ன மாதிரி ஊரைக் கட்டி உண்மையான தண்ணீரை ஊற்றலாம் என்றால், ஊரைச் சிறிதாக்க முடியும், தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. வீட்டுக் கூரை அளவுக்கு ஒரு துளி தெறிக்கும்போது குட்டு உடைந்துவிடும். வேகத்தையாவது சரிக்கட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது: மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் கேமரா வேகத்தைப் பெருக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு மாதிரி என்றால் நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 48, பதினாறில் ஒரு பங்கு என்றால் 96. இதனால் விழும் பொருளுக்குக் கனம் வரும். துளியின் அளவு மட்டும் அப்படியேதான் இருக்கும்.

செலவு குறைவானவை கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்: தொற்றுநோய், விஷவாயு, கெட்டுப்போன குடிநீர், கதிர்வீச்சு. இவற்றைக் காட்ட வேண்டியதில்லை, விளைவைக் காட்டினால் போதும். பூச்சிக் கூட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1970களில் அமெரிக்க டிவியில் கொலைகாரத் தேனீக்கள் அடிக்கடி வந்ததற்கு நிஜ உலகக் காரணமும் உண்டு. ஆராய்ச்சிக்காக 1956-இல் ஆப்பிரிக்கத் தேனீக்களைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே சில கூட்டங்கள் தப்பி, உள்ளூர்த் தேனீக்களோடு கலந்து, வடக்கு நோக்கிப் பரவத் தொடங்கின. வரைபடத்தில் ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வரும் ஓர் எல்லைக்கோடு செய்திகளிலேயே இருந்தது. 1990-இல் அவை உண்மையாகவே டெக்சாஸுக்கு வந்து சேர்ந்தன. பார்ப்பவரின் மனதில் ஏற்கெனவே பாதி கட்டப்பட்டிருக்கும் பயத்தை எடுத்துக்கொள்வது குறைந்த செலவுப் படத்துக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

ஆபத்துக்கு ஒரு விதி வேண்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதுவார்கள். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒரு வரி இருக்காது. விதி தெரியாத ஆபத்து பயத்தைத் தராது, குழப்பத்தைத்தான் தரும். விதி தெரிந்துவிட்டால், கதாபாத்திரம் ஒரு கதவைத் திறக்கும்போதே பார்ப்பவர் "வேண்டாம்" என்று பதறுவார். அந்தப் பதற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு வெளியே சரக்கு ரயில் தடம் புரண்டு, குளோரின் டேங்கர் ஒன்று உடைகிறது. கற்பனைதான், ஆனால் நடக்காதது இல்லை. 2005 ஜனவரி 6 அதிகாலையில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் கிரானிட்வில்லில் இரண்டு ரயில்கள் மோதி, ஒரு டேங்கரிலிருந்து குளோரின் கசிந்தது. 9 பேர் இறந்தார்கள், 5,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். அதனால் தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும், அடித்தளத்துக்குள் இறங்கும். கிடைத்துவிட்டது விதி: மேலே ஏறினால் பிழைப்பாய், கீழே ஒளிந்தால் சாவாய். புயலுக்கும் குண்டுவீச்சுக்கும் நிலவறையில் ஒளிந்து பழகியவர்களுக்கு இது நேர்மாறான விதி. ஆகவே அந்த ஊரில் இத்தனை காலம் பத்திரமாக இருந்த இடமே இன்று கொல்லும். ஒரு தாய் தன் பிள்ளைகளை நிலவறைக்குள் இறக்கிக் கதவைச் சாத்துகிறாள் என்று வையுங்கள். வாயு அந்தத் தெருவுக்கு வந்துவிட்டது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கிராபிக்ஸ் இல்லாமல், இடிபாடு இல்லாமல், ஒரு மரக்கதவை வைத்து எடுக்கிற காட்சி இது. படத்தின் மிகக் கொடுமையான காட்சியாகவும் அமையும்.

அடுத்தது கடிகாரம். காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது, ஊர் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் 24 நிமிடம். காற்று திசை மாறினால் கணக்கும் மாறும். கொடிக்கம்பத்தில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதே சஸ்பென்ஸ் ஆகிவிடும். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு சாதாரண ஷாட்டில் அந்தக் கொடியைக் காட்டி வைத்துவிட வேண்டும்.

விதியை மீறினால் படம் விழுந்துவிடும். தவழும் வாயு திடீரென்று பத்தாவது மாடிக்கு வந்து கதாநாயகனைத் துரத்தினால், பார்ப்பவர் அதன்பின் எதையும் நம்ப மாட்டார். வந்தே ஆக வேண்டுமென்றால் காரணத்தை முன்கூட்டியே நட்டு வைக்கலாம்: அந்தக் கட்டடத்தின் ஏ.சி. தரைமட்டத்திலிருந்து காற்றை இழுக்கிறது என்பதை ஒரு பராமரிப்பு ஊழியர் முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது அந்த இழுவிசிறியை யார் போய் நிறுத்துவது என்பதே ஒரு முழுப் பகுதிக்கான கதை.

புகையை எடுப்பது

திரையில் இந்த வாயுவைக் காட்டப் புகை இயந்திரம் போதும் என்று தோன்றும். ஆனால் சாதாரண இயந்திரத்திலிருந்து வரும் புகை சூடானது, மேலே எழும். நம் விதியோ கீழே தவழ வேண்டும் என்கிறது. புகையைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டி வழியாகச் செலுத்திக் குளிரவைத்தால் தரையோடு நிற்கும். உலர் பனிக்கட்டியை வெந்நீரில் போட்டாலும் தாழ்ந்த புகை வரும். ஆனால் அதில் வெளியாவது கார்பன் டை ஆக்சைடு. அதுவும் காற்றைவிடக் கனம், அதுவும் பள்ளத்தில்தான் தேங்கும். நிலவறைக் காட்சியில் தரையில் மயங்கிக் கிடப்பதுபோல் நடிப்பவர்தான் அதை முதலில் சுவாசிப்பார், நிஜமாகவே மயங்கிவிடவும் கூடும். ஆகவே மூடிய அறையில் உலர் பனிக்கட்டி வேண்டாம். பயன்படுத்தியே தீர வேண்டுமானால் நடிகரின் முகம் இருக்கும் உயரத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுமானி, ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் காற்றோட்டம், அளவுமானியைப் பார்த்து ஷாட்டை நிறுத்தும் அதிகாரத்தோடு ஒருவர். இந்த மூன்றும் கட்டாயம்.

வெளியில் எடுக்கும்போது காற்றுதான் எதிரி. மெல்லிய காற்று அடித்தாலே தாழ்ந்த புகை கலைந்துவிடும். விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வெளிக்காட்சியைத் தூரத்து ஒரே ஷாட்டில் முடித்துக்கொண்டு, மீதியைப் படிக்கட்டு, நடைபாதை, கார் உள்பக்கம் என்று மாற்றிவிடலாம். குளோரினின் பச்சை மஞ்சள் நிறத்துக்காக எல்லா விளக்கிலும் பச்சைத் தாள் ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் நடிகர்களின் முகமும் பச்சையாகிவிடும். புகைக்குப் பின்னாலிருந்து வரும் ஒரே விளக்குக்கு மட்டும் வெளிறிய மஞ்சள்பச்சைத் தாள் போட்டு, முகத்துக்கு இயல்பான வெளிச்சம் கொடுத்தால் புகை மட்டும் தனியாகத் தெரியும்.

நாற்பது பேரை நானூறாக்குவது

கூட்டக் காட்சிக்கு வைட் ஷாட் வைத்தால் நாற்பது பேர் நாற்பது பேராகத்தான் தெரிவார்கள். 85 முதல் 135 எம்.எம். லென்ஸில், கேமராவைத் தள்ளி வைத்து, ஆட்களை மூன்று அடுக்காக நிறுத்த வேண்டும். முன்னால் ஐந்தாறு தோள்கள் மங்கலாகக் கடக்கும், நடுவில் நம் கதாபாத்திரம், பின்னால் மீதிப் பேர். நீள லென்ஸ் தூரங்களை நெருக்கிக் காட்டுவதால் ஃப்ரேம் நிறைந்துவிடும். கேமராவைக் கடந்தவர்கள் பின்னால் சுற்றிவந்து மறுபடி ஓட வேண்டும், சட்டையை மாற்றிக்கொண்டோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டோ. சிவப்புச் சட்டை, பெரிய தொப்பி, எழுத்துப் போட்ட பனியன் யாருக்கும் கூடாது. இரண்டாம் முறை வரும்போது கண் பிடித்துவிடும்.

ஒரே ஒரு அகலமான ஷாட் வேண்டுமே என்றால் கேமராவை ட்ரைபாடில் அசையாமல் பூட்டிவிட்டு, அதே நாற்பது பேரைத் தெருவின் நான்கு பகுதிகளில் மாற்றி மாற்றி நிறுத்தி எடுத்து, எடிட்டிங்கில் ஒட்டலாம். 160 பேர் கிடைப்பார்கள். நிழல் நகர்வதற்குள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் நான்கையும் எடுத்துவிட வேண்டும். ஒட்டும் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. தெருவில் ஏற்கெனவே இருக்கும் விளக்குக் கம்பத்தையோ சுவர் ஓரத்தையோ கோடாக வைத்துக்கொண்டால் ஒட்டு தெரியாது. ஆள் இல்லாத ஒரு ஷாட்டையும் அதே நிலையில் எடுத்து வைப்பது பிற்பாடு பல சங்கடங்களைத் தீர்க்கும்.

கூட்டத்தைவிட எளிதானது காலி ஊர். மக்கள் ஓடுவதைக் காட்டாமல், ஓடி முடித்த தெருவைக் காட்டலாம். ஞாயிறு விடிகாலையில் அனுமதி வாங்கி, கதவு திறந்தபடி நிற்கும் ஒரு கார், அதன் வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருப்பது, ரேடியோவில் ஒரு குரல். இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலை.

எண்ணிக்கையைச் சொல்லும் முறை

லட்சம் பேர் சாவதைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். எப்படிச் சொல்வது என்பதில்தான் இந்த வகையின் உச்சம் இருக்கிறது. 1984 செப்டம்பரில் பிபிசி ஒளிபரப்பிய 'த்ரெட்ஸ்' இதற்குப் பாடப்புத்தகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பது கதை. சுமார் 4 லட்சம் பவுண்ட் செலவில் எடுத்தார்கள், அணுப்போரைக் காட்டுவதற்கு அது மிகச் சிறிய தொகை. தட்டச்சு எழுத்துகள் திரையில் ஓடி எண்ணிக்கைகளைச் சொல்லும். உணர்ச்சியே இல்லாத ஒரு பின்னணிக் குரல் தகவல் தரும். அசையாத புகைப்படங்கள் அழிவைக் காட்டும். காளான் மேகம் எழும்போது கடைத்தெருவில் நிற்கும் ஒரு பெண், பயத்தில் தன்னையறியாமல் சிறுநீர் கழிக்கிறாள். பார்த்தவர்கள் பலரும் இன்றுவரை சொல்வது மேகத்தையல்ல, அந்தப் பெண்ணைத்தான்.

எண்ணும் முகமும் மாறி மாறி வர வேண்டும் என்பதே இதிலிருந்து எடுக்கக்கூடிய வேலைமுறை. எண் மட்டும் வந்தால் மனம் மரத்துப்போகும். முகம் மட்டும் வந்தால் ஒரு குடும்பத்தின் சோகமாகச் சுருங்கிவிடும்.

எண்கள் முரண்படாமல் இருக்க, கதையில் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு விவரம் எழுதிய ஒரு தாள், காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி (கன்டின்யூட்டி) பார்ப்பவர் கையில் இருக்க வேண்டும்: கடிகார நேரம், காற்றின் திசை, வெளியேறியவர்கள், இறந்தவர்கள். காட்சிகள் வரிசை மாறித்தான் எடுக்கப்படும். செய்தி வாசிப்பாளர் வரும் எல்லாக் காட்சிகளையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அன்று அவர் "இதுவரை 60 பேர்" என்று சொல்லி, பத்து நாள் கழித்து எடுக்கும் முந்தைய காட்சியில் மேயர் "80 பேர்" என்றால் ரீஷூட்டுக்குப் பணம் இருக்காது. அதே வாசிப்பாளரின் தலைமுடியும் டையும் நேரம் போகப் போகக் கொஞ்சம் கலைவது நல்லது, அதையும் அந்தத் தாளிலேயே குறிக்கலாம்.

கட்டுப்பாட்டு அறையின் திரைகளில் வரும் வரைபடங்களை ஷூட்டிங்குக்கு முன்பே தயார் செய்து, செட்டில் ஓடவிட்டு நேரடியாக எடுப்பது முக்கியம். "திரையை வெறும் பச்சையாக விட்டுவிடுவோம், வரைபடத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம்" என்றால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு கிராபிக்ஸ் ஷாட் ஆகிவிடும். நடிகர்களுக்கும் எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாது.

விளம்பர இடைவேளை

85 நிமிடப் படம் ஏழெட்டுப் பகுதியாகப் பிரியும். முதல் பகுதி நீளமானது, 15 நிமிடத்தைத் தாண்டலாம், ஏனென்றால் பார்ப்பவர் சேனலை மாற்றுவதற்குள் அவரைக் கதைக்குள் இழுக்க வேண்டும். பிறகு வரும் பகுதிகள் சுருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு பகுதியும் ஒரு புதிய தகவலோடு முடிய வேண்டும். "காற்று திரும்பிவிட்டது" என்பது நல்ல முடிவு. கதவு படாரென்று திறக்க, விளம்பரம் முடிந்ததும் வந்தது சொந்த அண்ணன்தான் என்று தெரிவது கெட்ட முடிவு. இரண்டு முறை அப்படி ஏமாற்றினால் மூன்றாம் முறை யாரும் காத்திருக்க மாட்டார்கள். இடைவேளை இல்லாமல் போவதும் ஒரு உத்திதான். 1983 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த 'தி டே ஆஃப்டர்' படத்தில் அணுகுண்டு விழுந்த பிறகு விளம்பரமே வரவில்லை. மூச்சுவிட இடம் கொடுக்காததே அந்தப் பின்பாதியின் கனம்.

எச்சரிக்கை ஒலியும் ரீ-ரெக்கார்டிங்கும்

செய்தி ஒளிபரப்பு போலவே படம் எடுப்பது மலிவு, நம்பகமும் அதிகம். 1983 மார்ச்சில் அமெரிக்காவின் என்பிசி சேனல் ஒளிபரப்பிய 'ஸ்பெஷல் புல்லட்டின்' முழுக்க வீடியோ டேப்பில், நேரடிச் செய்தி போலவே எடுக்கப்பட்டது. நடுவில் சேனலைத் திருப்புகிறவர் நிஜம் என்று நம்பிவிடக்கூடும் என்பதால், இது கற்பனை என்ற அறிவிப்பு படம் நெடுக வந்தது. இப்படி எடுக்கிறவர்கள் அந்த அறிவிப்பைத் தொடக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு விடக் கூடாது, ஒவ்வொரு இடைவேளைக்குப் பின்பும் போட வேண்டும்.

நிஜமான அரசு எச்சரிக்கை ஒலியைப் படத்தில் பயன்படுத்தவே கூடாது. அமெரிக்காவில் அது சட்டப்படி குற்றம். 2019-இல் ஒரு பிரபலத் தொடரில் அந்த ஒலி வந்ததற்காக ஒளிபரப்பிய நிறுவனம் 1,04,000 டாலர் கட்ட நேர்ந்தது. அந்த ஒலிக்குள் இருக்கும் சமிக்ஞை நிஜ எச்சரிக்கைக் கருவிகளைத் தூண்டிவிடலாம் என்பது ஒரு காரணம். மக்களுக்கு அந்த ஒலி பழகிப்போய், உண்மை ஆபத்தில் எழுந்து ஓடாமல் இருந்துவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். உயிர்காக்கும் ஒரு ஒலியைப் பொழுதுபோக்குக்காகத் தேய்க்கக் கூடாது. சொந்தமாக ஒரு ஒலியை உருவாக்கி, முதல் முறை வரும்போது கதாபாத்திரங்கள் அதைக் கேட்டு உறைவதைக் காட்டினால் போதும், அதற்குப் பிறகு பார்ப்பவருக்கும் அதுவே எச்சரிக்கை.

டிவி ஸ்பீக்கர் சிறியது. ஸ்டுடியோவில் நெஞ்சை அதிரவைக்கும் ஆழ்ந்த உறுமலை வீட்டு டிவி விழுங்கிவிடும், நிலநடுக்கம் மௌனப் படமாகிவிடும். அதன் மேலேயே கண்ணாடி நடுங்குவது, பாத்திரம் உரசுவது, கதவுக் கீல் முனகுவது என்று நடுத்தர ஒலிகளை அடுக்க வேண்டும். சேனல்கள் சராசரி ஒலி அளவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன, ஒலியின் உரப்பை அளக்கும் LUFS என்ற அலகில் ஐரோப்பாவில் மைனஸ் 23, அமெரிக்காவில் மைனஸ் 24. வெடிப்புகளை ஏற்றிக்கொண்டே போனால் அந்த வரம்புக்குள் அடக்க வசனத்தின் ஒலி குறைந்துவிடும். கடைசி மிக்ஸை ஒரு சாதாரண டிவியில், ஒலியைக் குறைத்து வைத்து ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எங்கே ஏற வேண்டும், எத்தனை நிமிடம் இருக்கிறது ஆகிய மூன்று வசனங்களும் தெளிவாகக் காதில் விழவில்லையென்றால் முதலில் இசையை இறக்குங்கள், பிறகு கூட்டத்தின் இரைச்சலை.